பொத்தான் அளவு ஓட்டை

— போட்டோவைப் பெருசாக்கிப் பாரு பூசணி. உன் எழுத்துதானே?

— என்னுதுதான் அண்ணே. பட்டையா, அகலமா, சம்மணம் போட்டு உக்காந்த மாதிரி. எங்க ஒட்டியிருக்கு இது?

— நம்ம வாசக் கதவுக்குப் பக்கத்துல. தெரு முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. என்ன போட்டிருக்குன்னு படிச்சியா?

— 'இடிக்கப்படும் கட்டடம்'. படிச்சேன்.

— எதிர்ச்சாரியில நின்னாலே தெளிவாத் தெரியுது. அந்த வகையில நீ நல்லாத்தான் செஞ்சிருக்க.

— குத்திக் காட்டாத. கடை போர்டுக்குன்னு, கம்ப்யூட்டர்ல அடிக்கிற எழுத்தா வரைஞ்சு குடுத்தேன். ஓடற பஸ்ல இருந்து படிக்கிற மாதிரி வேணும்னு கேட்டாங்க. செருப்புக்கடை, கட்டில் பீரோ விக்கிற கடை, அதுதான் மனசுல இருந்துச்சு.

— சரி, கதையை விடு. நோட்டீஸ் ஒட்டின ஆபீசுக்குப் போன் போட்டு, என் எழுத்தை எடுங்கன்னு சொல்ல முடியாதா?

— எடுத்தா வேற எழுத்துல ஒட்டுவாங்க. வீடு நிக்குமா? அதுவுமில்லாம கம்பெனிக்கு வித்தாச்சு அண்ணே. வாங்கினவங்க எதை வேணா அடிச்சுக்கலாம். நான் யாரு கேக்க?

— தெரியும். சும்மா கேட்டுப் பார்த்தேன். நான் கூப்பிட்டது அதுக்கில்ல. அம்மாவுக்காக.

— அழறாளா?

— அழுதாத்தான் தேவலையே. காலையில ஒட்டினதுல இருந்து முக்காலியப் போட்டு அதுக்கு முன்னாடியே உக்காந்திருக்காளாம். நான் இப்பத்தான் பட்டறையில இருந்து வந்தேன். போறவன் வர்றவனையெல்லாம் நிறுத்தி, என் பொண்ணு எழுதினதுன்னு காட்டறா. மழையில நனைஞ்சிடும்னு பிளாஸ்டிக் உறை வேற தெச்சு மாட்டியிருக்கா.

— யாருமே படிச்சுச் சொல்லலையா? அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே.

— யாருக்கு மனசு வரும்? தலையை ஆட்டிட்டுப் போயிடறாங்க.

— நீ?

— என்னடா போட்டிருக்குன்னு என்கிட்ட கேட்டா. ரோடு போடப் போறாங்களாம்னு உளறிட்டேன். நாள் பூரா வெல்டிங் நெருப்புக்கு முன்னாடி நிக்கறவன் நான். அந்த மூஞ்சியப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியல பூசணி.

— எனக்கு மட்டும் எப்படி வரும்?

— உனக்கு அவ மூஞ்சி தெரியாதுல்ல, போன்தானே. கேளு. வீடு அம்மா பேர்ல இருக்கு. நாளைக்கு ஆபீசுல இருந்து ஆள் வந்து வீட்டுக்காரங்களை நேர்ல கேப்பாங்களாம். மாட்டேன்னு சொன்ன வீட்டை இப்போதைக்குத் தொட மாட்டாங்களாம். சரின்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சுது. நான் சொன்னா செல்லாது, அம்மா வாயில இருந்து வரணும். அதுக்கு முதல்ல விஷயம் தெரியணும்ல?

— குடு அவகிட்ட.

— அம்மா, இந்தா. உன் பூசணி.

— பார்த்தியாடி? பெரியவன் அனுப்பினானா?

— பார்த்தேம்மா.

— செருப்புக்கடையில பார்த்திருக்கேன், ஐஸ் வண்டியில பார்த்திருக்கேன். நம்ம வாசலுக்கே வரும்னு நினைக்கவே இல்ல. முக்குல திரும்பும்போதே தெரிஞ்சுபோச்சு. அந்த முதல் எழுத்துல சுழி இருக்குல்ல, அதுக்குள்ள பொத்தானை வெச்சுப் பார்த்தேன். நீ தரையில தாளை விரிச்சு வரைஞ்சப்ப சட்டைப் பொத்தான் உக்காந்துச்சு. இதுல கோட்டுப் பொத்தான் உக்காருது.

— நீதானேம்மா சொன்ன, இவ்வளவு தடியா வரைஞ்சா மை ஊறி அடைச்சுக்கும், பொத்தான் அளவுக்காவது ஓட்டை விடுன்னு.

— அது சரி. சட்டையில காஜா ஓட்டை சின்னதாப் போனா யாரைத் திட்டுவாங்க? தெச்சவளைத்தானே. எழுத்தும் உன்னை மாதிரியேதான் இருக்கு. சின்னதுல நீ நடந்தா அலமாரியில டம்ளர் ஆடும்.

— அம்மா, ஒண்ணு சொல்லணும்.

— ஊருக்கு வர்றியா?

— இல்லம்மா. லீவு கிடைக்கல.

— அது சரி. குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா இல்லையா?

— சாப்பிட்டேன். அதுல ரோடுன்னு போடலம்மா.

— பின்ன?

— நம்ம வீட்டை இடிக்கப் போறாங்க. அதைத்தான் போட்டிருக்காங்க.

— நீ எழுதினதுலயா அப்படிப் போட்டிருக்கு?

— எழுத்துதாம்மா என்னுது. வார்த்தை அவங்களுது.

— போடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நீ?

— நீ தெச்சுக் குடுத்த சட்டையை மாட்டிக்கிட்டு யார் யார் எங்க போறாங்கன்னு உனக்குத் தெரியுமா? உனக்காவது அளவு எடுத்த ஆளைத் தெரியும். எனக்கு அதுவும் தெரியாதும்மா.

— அது சரி.

— இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளு. நாளைக்கு ஆள் வருவாங்க. மறுப்பு இருக்கான்னு கேப்பாங்க. இருக்கு, வீட்டைக் குடுக்க மாட்டேன்னு சொல்லு. அவ்வளவுதான். வேற எதுவும் பேச வேணாம். அண்ணன் பக்கத்துல நிப்பான்.

— வர்றவரு கண்ணாடி போட்டவரா?

— எனக்கெப்படிம்மா தெரியும்? ஏன்?

— கூட ஒரு பொண்ணு, கையில அட்டை வெச்சு எழுதிக்கிட்டே வருமா?

— அம்மா. யாரு வந்தாங்க?

— மத்தியானமே வந்துட்டுப் போயிட்டாங்களேடி. அந்த நோட்டீசைக் காட்டி, இதுல உங்களுக்கு மறுப்பு ஏதாவது உண்டாம்மான்னு மரியாதையாத்தான் கேட்டாரு. எழுதினதே என் பொண்ணு, எனக்கென்ன மறுப்புன்னு சொல்லி, உக்கார வெச்சுத் தண்ணி குடுத்து அனுப்பினேன்.