பவுனக்காவின் வகிடு

விரதம் இருக்கிறவன் காப்பி குடிக்கக்கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை, அத்தான். ஆறுவதற்குள் குடியுங்கள். பத்துமலை ரயில் கிளம்ப நேரம் இருக்கிறது. அம்மா கோயிலிலிருந்து வருவதற்குள் நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷமும் நீங்கள் அலகு குத்திக்கொள்ளப் போகிறீர்கள். பவுனக்காவுக்காக நேர்ந்துகொண்ட முடியைக் கொடுக்கவிடாமல் தடுத்த பாவம் உங்களுடையது என்று உங்கள் ஊர் கிள்ளானில் பேசுகிறார்கள், நீங்களும் நம்பிவிட்டீர்கள். தடுத்தது நீங்கள்தான். தடுக்கச் சொன்னவள் நான். ஏன் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

அக்காவுக்குத் தலைவலியும் வலிப்பும் வந்தபோது முனி அடித்துவிட்டது என்றார்கள். நான்தான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூளையில் கட்டி, மண்டையைத் திறக்கவேண்டும் என்று பெரிய டாக்டர் துரை சொன்னதும் அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

"இரும்பு பட்டா சும்மா தூங்குற கட்டி முழிச்சுக்கும்டி. அப்புறம் ஆளைத் தின்னாமப் போவாது."

"எத்தன மண்டையத் தொறந்து பாத்திருக்க நீ?" என்று கேட்டேன். அக்கம்பக்கத்தார் எல்லாரும் நின்றார்கள். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

தண்டவாளத்துக்குக் கட்டை சுமந்தவர் மகள் சிங்கப்பூர் போய் டாக்டருக்குப் படித்து வந்தால் அப்படித்தான் சிரிப்பாள். பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட வாய்களுக்கெல்லாம் பதில் கொடுக்க எனக்கு ஒரு மண்டை வேண்டியிருந்தது. அக்கா தன் மண்டையைக் கொடுத்தாள்.

உள்ளே இருந்தது புற்று அல்ல. பிறக்கும் முன்பே தோலின் துணுக்கு ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு, மெழுகு மெழுகாகச் சேர்ந்து, முத்துப்போல் வெள்ளையாக வளர்ந்த கட்டி. பூதக்கண்ணாடியில் நானே பார்த்தேன். அதில் ஒரு துண்டைச் சாராயப் புட்டியில் போட்டு இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து, "இந்தா, இதுதான் உங்க முனி" என்று எல்லாருக்கும் காட்டினேன். நீங்கள்கூடப் புட்டியைத் தொட்டுக் கும்பிட்டீர்கள்.

கட்டியின் உறை ஓரிடத்தில் மூளையோடு ஒட்டிக்கிடந்தது. அதைப் பிய்த்தால் உயிருக்கு ஆபத்து என்று துரை விட்டுவிட்டார். விட்ட உறை எப்போதாவது, லட்சத்தில் ஒருவருக்குப் புற்றாக மாறுவது உண்டு. தழும்பில் ஏதாவது தட்டுப்பட்டால் உடனே கூட்டிவா என்றார். அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். நான் டாக்டர் இல்லையா.

ஆஸ்பத்திரியில் சிரைத்த முடி குப்பைக்குப் போயிற்று. அம்மா விடவில்லை, பிழைத்து வந்தவள் புதிதாக வளரும் முடியைத் தைப்பூசத்தன்று பத்துமலையில் கொடுக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டாள். அக்கா முடியை வளர்த்தாள். அடர்த்தியாக வளர்ந்தது. தழும்பை மறைத்துவிட்டது.

கிள்ளானில் உங்கள் வீட்டில் எண்ணெய் தேய்த்துவிடும்போது வலது காதுக்குப் பின்னால் என் விரலில் பட்டது. புளியங்கொட்டை அளவுதான். கெட்டியாக, சூடாக இருந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன்.

அன்று அக்காவின் வகிட்டை மாற்றிச் சீவி, அந்த இடத்தை மூடினேன்.

பிறகு ஞாயிறுதோறும் ரயிலேறி வந்து நானே தலை வாரிவிட்டேன். வேறு யாரும் சீப்பை எடுக்க விடவில்லை. பக்கத்துக் கடை ரம்லத் அக்கா என்னைக் காட்டி, "தங்கச்சின்னா தங்கமணி மாதிரி இருக்கணும்" என்று தெருவெல்லாம் சொன்னாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அக்கா ஒருநாள் கேட்டாள்: "ஏன்டி, ஒன் வெரல் அந்த எடத்துக்கு வந்தா மட்டும் நின்னு நின்னு போவுது?"

"சிக்கு விழுந்திருக்கு."

"தலவலி திரும்ப வருதே."

"தையல் இழுக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்."

"சரிடி. நீ பாத்துக்கிட்டாச் சரிதான்" என்று என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

பத்துமலையில் நாவிதர் கத்தி வைத்தால் கட்டி பளிச்சென்று தெரியும். அத்தனை சனத்துக்கு நடுவில், இரும்பு பட்டு முழித்துக்கொண்டது என்று அம்மா மாரில் அடித்துக்கொள்வாள். அதற்குப் பிறகு நம் ரயில்வே கூலிகளின் லைன் வீடுகளிலிருந்து ஒரு பெண்கூட ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டாள், ஒரு பெண்ணையும் படிக்க அனுப்பமாட்டார்கள். அந்தப் பெண்களுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்களில் ஒருத்தியின் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். "தழும்புல கத்தி பட்டா சீழ் வைக்கும் அத்தான். முடி எடுக்க வேணாம்."

"சாமி கோச்சுக்காதா தங்கம்?"

"சாமிக்கு என்ன அவசரம்? அடுத்த வருஷம் குடுக்கலாம்."

நீங்கள் லோரி ஓட்டுகிறவர். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தீர்கள். அம்மாவை எதிர்த்துக்கொண்டு நின்றீர்கள். அடுத்த வருஷம் வராது என்பது எனக்குத் தெரியும். பங்குனியில் அவள் போய்விட்டாள். கடைசி நாட்களில் அவளுக்கு என் முகம் தெரியவில்லை. அதுகூட ஒரு விதத்தில் எனக்கு வசதியாக இருந்தது.

பிணத்துக்குத் தலை முழுக்காட்டும்போது மற்றப் பெண்களை விலக்கிவிட்டு நானே செய்தேன். பாசம் என்று நினைத்தார்கள். அந்தக் கட்டி அப்போது எலுமிச்சங்காய் அளவு இருந்தது. ஈர முடியை அதன்மேல் படிய வைத்து, பூவைச் சுற்றினேன்.

பாடை பக்கத்தில் அம்மா உங்கள் சட்டையைப் பிடித்து, "சாமிக்கு நேந்த முடிய நிறுத்தினியே, ஒன்னாலதான்யா எம்புள்ள போயிட்டா" என்று கத்தினாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். தடுக்கச் சொன்னவள் நான் என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவில்லை. படித்த பிள்ளைக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று பொறுத்துக்கொண்டீர்கள். நான் சீப்பிலிருந்த முடியை உருவிக்கொண்டிருந்தேன்.

உங்கள் நாக்கில் குத்தவேண்டியது எதுவும் இல்லை, அத்தான். அம்மா வந்ததும் அவளிடமும் சொல்கிறேன், நீங்கள் இருங்கள்.

சொல்லியிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டாள், அந்தப் புற்றுக்கு மருந்தே கிடையாது என்று இத்தனை நாளும் நினைத்துத்தான் தூங்கினேன். அந்தத் துரை இன்னும் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். தினமும் அவரோடு வார்டு சுற்றுகிறேன். புளியங்கொட்டை அளவில் கூட்டிவந்திருந்தால் காப்பாற்றியிருப்பீர்களா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.