ஏழுக்குப் போர்த்திய பொன்னாடை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அன்புக்குரிய கஸ்தூரியம்மாள் அவர்களே, பெரியகுளத்து மாங்காய் மண்டியின் பெரியோர்களே, மாம்பால் பட்ட விரல்களோடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, வணக்கம்! மனநல ஆலோசகர் அனுசுயாவாகிய நான், உங்கள் முன் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

வாழ்வதற்கு ஒரு நோக்கம் இருக்கிறதா? அதை அளக்க முடியுமா? முடியும் என்று நம்பித்தான் சென்ற ஆண்டு இருபது கேள்விகளோடு உங்கள் கொட்டகைக்கு வந்தேன். ஒன்று முதல் ஏழு வரை எண் போடச் சொன்னேன். எது உயர்வு, எது தாழ்வு என்று சொல்லவில்லை. அதையும் சொல்ல வேண்டுமா என்று நினைத்துவிட்டேன்!

ஒச்சாண்டி அண்ணன் இருபதுக்கும் ஏழு போட்டிருந்தார். மனைவியை இழந்து ஐந்தே மாதம். அப்படியும் வாழ்க்கையில் இவ்வளவு பிடிப்பா என்று பூரித்துப்போய், இதே மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினேன். அவர் தலை குனிந்து நின்றார். பணிவு என்று நினைத்தேன்.

ராஜாத்தி அக்கா இருபதுக்கும் ஒன்று. பதறிப்போய், விழா முடிந்த கையோடு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"ஏத்தா, இப்பிடி மூச்சு வாங்க ஓடியாந்திருக்க? நம்ம காய் பிரிக்கிறதுல ஒண்ணாம் பெட்டின்னா மொதத் தரமுத்தா! ஏழாம் பெட்டிதான கழிவு?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் அந்த இன்னொரு தாள் நினைவுக்கு வந்தது. அப்படியானால் ஒச்சாண்டி அண்ணன்?

இருவரும் அவர் வீட்டுக்கு ஓடினோம். பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவ போனதுக்கப்புறம் நான் கழிவுன்னுதான் எழுதுனேன், தாயி. அதுக்கு எல்லாரும் கைதட்டுனீகளே!"

படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று? எண்ணை வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிட்டேனே! நான் அழுதேன். ராஜாத்தி அக்கா விளக்கைப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, "எந்திரிங்கண்ணே, வந்து வெங்காயம் உரிங்க" என்றார்.

அன்று முதல் கொட்டகையில் யாராவது ஒருவர் தினமும் அவரைக் கேட்கிறார்கள்: "அண்ணே, இன்னைக்கு எந்தப் பெட்டி?" பல மாதம் ஏழுதான். கேட்பதை ஒருவரும் நிறுத்தவில்லை.

அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லு தாயி" என்றார். எந்தப் பெட்டி என்றும் கேட்டேன்.

"அஞ்சு."

அன்று தெரியாமல் ஏழுக்குக் கைதட்டினோம். இன்று தெரிந்தே தட்டுவோம், என் மக்களே, அந்த ஐந்துக்கு! கொட்டகைக் கூரை அதிரத் தட்டுங்கள்!

எனக்கு அளக்கக் கற்றுக்கொடுத்த உங்கள் கைகளுக்கு நன்றி. நாளைக்கும் அவரைக் கேளுங்கள். வணக்கம்.