நீல மேசையில் ஒரு குமிழி

எங்கள் தொழிலுக்குப் பெரிய எதிரி தூசிதான், அதிகாரி ஐயா. உங்கள் மின்விசிறி சுழல்கிற அழகைப் பார்த்தால், இந்த அறையில் ஒரு மேசைகூட உருப்படியாக வார்க்க முடியாது. அது போகட்டும். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஹெலாதியோ. இதே நயாரித் கடற்கரையில் மேசை செய்கிறேன். பரோத்தா மரத்தைப் பலகையாக அறுத்து, இரண்டு பலகைக்கு நடுவே நீலம் கலந்த எபாக்சி பிசினை ஆறு மாதிரி ஊற்றி இறுகவைப்பேன். வடக்கே அமெரிக்காவிலிருந்து வருகிற கிரிங்கோக்கள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, என் மேசையைத் தடவித் தடவி, "அப்படியே தண்ணி மாதிரியே இருக்கே" என்று வாயைப் பிளப்பார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நிஜக் கடல் ஓயாமல் இரைச்சல் போடும். என் தண்ணீர் அடக்கமானது.

ஒப்துலியாவை அவள் விதவையாக இருந்தபோது கல்யாணம் செய்துகொண்டேன். முதல் கணவன் நிக்கானோர் மீன் பிடிக்கிறவன், காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவன். அவன்மேல் எனக்குத் துளியும் பொறாமை கிடையாது. நவம்பரில், இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாளில், அவன் படத்துக்குச் சாமந்திப்பூ வைப்பதே நான்தான். அவனுக்குப் பிடித்த பட்டை போட்ட காப்பியையும் நானே வைப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிற விருந்தாளியை யார் வெறுப்பார்கள்?

ஆனால் நிக்கானோர் தினமும் வந்தான்.

அவன் ஒரு கிளி வளர்த்திருந்தான். லோரெத்தோ என்று பெயர். விடிந்ததும் செத்தவன் குரலிலேயே, அவன் இருமலையும் சேர்த்து இருமி, "கெழவி, காப்பி ஆறுதுடி" என்று கூப்பிடும். ஒப்துலியா எங்கே இருந்தாலும் சிரித்துக்கொண்டே ஓடி வருவாள். "இந்தா வந்துட்டேன் மனுஷா, ஏன் இப்படிக் கத்துற?" வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

எனக்கும் அவள் ஒரு குறை வைத்ததில்லை. சோள ரொட்டி சூடாகத் தட்டில் விழும், "இன்னும் ரெண்டு வைக்கட்டுமாங்க?" என்பாள். ஒருநாள் நானே ஆசையாக, "காப்பி ஆறுதே" என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ குடிங்களேன்" என்றாள்.

நியாயமாக யோசித்துப் பாருங்கள். கிளிகள் அறுபது வருஷம்கூட இருக்கும் என்று மாட்டு டாக்டர் சொன்னார். எனக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரம், ரொட்டியைச் சாராயத்தில் ஊறவைத்துக் கொடுத்தேன். லோரெத்தோ ஆசையாகத் தின்றது. கண் சொக்கியது. துன்புறுத்துவது என் சுபாவத்தில் இல்லை. இறகுக்குள் காற்று தங்கினால் குமிழி வரும் என்பதால், ஒவ்வோர் இறகாகத் தூரிகையால் பிசின் தடவினேன். பிறகு மேசை அச்சில் படுக்கவைத்து, நீலத்தை அளவாகக் கலந்து ஊற்றினேன். ஈரமுள்ள எதையும் பிசினுக்குள் வைக்கக் கூடாது, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பது தொழில் விதி. அதை மீறினேன். அது என் தப்புதான்.

மேலே வந்த குமிழிகளையெல்லாம் தீச்சுடர் காட்டிப் போக்கினேன். ஒன்று மட்டும் பிசின் இறுக ஆரம்பித்த பிறகு வந்தது. அலகுக்கு நேர் மேலே, மிளகு அளவில். அது சுடருக்கு மசியவில்லை.

"தூக்கத்துலயே போயிடுச்சு. உனக்காகத்தான் பத்திரப்படுத்தினேன்" என்று அவளிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு மனது நிறைந்திருந்தது. அதன்பிறகு அந்த மேசையில்தான் சாப்பிட்டோம். அவள் தன் கோப்பையைக் கிளிமேல் படாமல் ஒதுக்கி வைப்பாள்.

வீடு அமைதியானது. ரொம்பவே அமைதி. கிளியோடு அவள் சிரிப்பும் போய்விடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசைமுன் உட்கார்ந்திருந்தேன். என்ன தோன்றியதோ தெரியவில்லை, அந்த இருமலை இருமி, அந்தக் குரலிலேயே சொன்னேன்: "கெழவி, காப்பி ஆறுதுடி." நன்றாகவே வந்தது. தினமும் கேட்ட குரல்தானே.

கொல்லையிலிருந்து ஈரக் கையோடு, சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வெகு நேரம் என் வாயையே பார்த்தாள். பிறகு குனிந்து மேசையைப் பார்த்தாள். முதல்முறையாக அந்தக் குமிழிமேல் விரலை வைத்தாள். உள்ளே காற்று இருந்தால்தான் குமிழி வரும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

"என்னங்க, செத்த கிளி எப்படிங்க மூச்சு விட்டுச்சு?"

சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் அப்போதிலிருந்து கிளிக்கு உரிமம் இருந்ததா என்றே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதை நிக்கானோரிடம்தான் கேட்க வேண்டும், நவம்பரில் வருவான். உயிரோடு வைத்துத்தான் ஊற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். அன்றைக்கு வீட்டில் கிளி இல்லை, நிக்கானோரும் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். கூப்பிட்டது நான். அவள் அப்படிச் சிரித்துக்கொண்டு ஓடி வந்தது என்னிடம்தான்.