தாடைப் பக்கம் லூசு

விடியற்காலை ஆறு மணி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சலவைக் கட்டடத்தை ஒட்டிப் போகும் ரோடு. ஒரு ஈ காக்கை இல்லை... பேய்க் கதை என்றால் நடுராத்திரிதானே என்று கேட்காதீர்கள். நாற்றத்துக்கு ஏது நேரம் காலம்? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

அந்த ரோட்டில் நடந்து வந்தவள் என் நண்பனின் அக்கா. வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் சோப்பு. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால்கூட வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கை கழுவுகிற ரகம். எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் பல வருஷம் ஓட்டியவள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. "மூச்சைப் புடிங்க... விடுங்க." அவ்வளவுதான், ஆள் போய்விடுவான். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அவள் பார்த்ததும் இல்லை.

ஆனால் பதவி உயர்வு வேண்டுமே! மறுபடி படித்து, பரீட்சை எழுதி, புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் பிரிவுக்கு மாறினாள்.

"ரெண்டும் கதிர்தானேடா, என்ன பெரிய வித்தியாசம்?" என்று தம்பியிடம் பீற்றிக்கொண்டாள். போன பிறகுதான் ஏண்டா வந்தோம் என்று ஆகிவிட்டது.

தொண்டையில் கட்டி உள்ளவர்களுக்கு அங்கே முகமூடி செய்ய வேண்டும். ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டால் கண்ணாடி மாதிரி தெளிந்து தொளதொளத்துவிடும். அதை முகத்தில் போர்த்தி, மூக்கு, கன்னம், தாடை என்று விரலால் அழுத்தி, இறுகும்வரை பிடித்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் தினமும் வந்து அதை மாட்டிக்கொண்டுதான் கதிர் வாங்க வேண்டும்; தலை அசையாமல் இருக்கத்தான் இத்தனையும். அசைந்தால் கதிர் கட்டியை விட்டு வேறெங்கோ விழும்.

அவளுக்கு வந்த முதல் ஆள் ஒரு பஸ் டிரைவர். வாயெல்லாம் புண். சீ... அந்த வாடை! பூசணம் பிடித்த ஈரத்துணியும் செத்த எலியும் சேர்ந்த மாதிரி. கடைவாயில் எச்சில் நூல் நூலாக இழுத்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தாடையைப் பட்டும் படாமலும் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"தாடைப் பக்கம் லூசா இருக்கும்மா," என்றார் டிரைவர்.

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆடாம படுங்க ஐயா."

கதிர் எங்கே விழுந்ததோ, கட்டி கரையவில்லை. டிரைவர் செத்துப்போனார். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத்தான் தன் விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பழைய இடத்துக்கே ஓடிவிடலாம் என்றால் அங்கே வேறு ஆள் போட்டாயிற்று. அன்றைக்குச் செய்யப்போகும் முகமூடியைப் பார்த்துத்தான் இங்கே வேலையை நிரந்தரமாக்குவார்கள்.

அந்த விடியற்காலையில் ரோட்டிலேயே அதே வாடை அடித்தது. சாக்கடை என்று நினைத்துக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

மேசைமேல் ஏற்கெனவே ஒருவர் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். வார்டிலிருந்து சீக்கிரமே கொண்டுவந்துவிட்டார்கள் போலிருக்கிறது. வழக்கம்போல முகத்தைப் பார்க்கவில்லை. வெந்நீர்த் தொட்டி... களக்... களக்... தகட்டைச் சொட்டச் சொட்ட எடுத்து முகத்தில் போர்த்தி, இரண்டு ஓரத்தையும் மேசையோடு மாட்டினாள். டக். டக்.

அப்புறம்தான் குனிந்தாள். தெளிந்த தகட்டுக்கு அடியில்... டிரைவர்.

ஓடப் பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது. ஒரே பிசுபிசுப்பு. அவள் விரல்களை இழுத்துக்கொண்டு போய்த் தாடையில் வைத்தது.

அழுத்தினாள். வேறு என்ன செய்வாள்? உள்ளே தோல் சதையை விட்டு வழுக்கியது. ஓட்டைக்கு ஓட்டை கொழகொழவென்று ஏதோ பிதுங்கி நகக்கண்ணில் ஏறியது. அதுவும் வெதுவெதுப்பாக! ஆனாலும் கையை எடுக்கவில்லை. மூக்கு. கன்னம். தாடை. இந்தத் தடவை அழுதுகொண்டே ஒழுங்காகச் செய்தாள்.

தகடு மெல்ல வெளுத்தது... இறுகியது. மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது. அப்பாடா, கேட்டதைச் செய்தாயிற்று, இனிப் போய்விடுவார் என்று நினைத்தாள்.

ஓட்டைகள் வழியாக ஒரு நீள மூச்சு அவள் முகத்தில் அடித்தது.

"இப்பதாம்மா கச்சிதமா இருக்கு. அப்போ... நாளையிலேருந்து தினமும் வரட்டுமா?"