மச்சான் கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டர்கள்

எனக்கு என் மச்சானை ரொம்பப் பிடிக்கும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார். நம் கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். என் மனைவியின் அண்ணன். இருபது வருடமாக இங்கே வரைபடம் போடுகிறவர். நான் அந்த வரைபடங்கள் இருக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன். அதிலுள்ள பொது ஃபோல்டர்களை யார் திறக்கலாம், யார் கை வைக்கலாம் என்று முடிவு செய்வது என் வேலை. பர்மிஷன் என்போம்.

மச்சானுக்கு மவுஸ் பிடிக்கும் கையில் கொஞ்சம் அவசரம் அதிகம். ஒரு சனிக்கிழமை 'ஆஸ்பத்திரி' ஃபோல்டரை இழுத்துப் 'பழைய கழிப்பறைகள்' ஃபோல்டருக்குள் போட்டுவிட்டார். போட்டது அவருக்கே தெரியாது. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நான் தேடி எடுத்தேன். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டி, "என்ன மாப்ளே, ஒரு ஃபோல்டரைக்கூட ஒழுங்காப் பாத்துக்கத் தெரியலையா?" என்றார். நான் சிரித்தேன். நீங்கள்கூடச் சிரித்தீர்கள்.

அன்று மதியம் அந்த ஃபோல்டரில் அவருக்கிருந்த எழுதும் பர்மிஷனை, அதாவது எதையும் மாற்றும் உரிமையை, எடுத்தேன். பாதுகாப்புக்காகத்தான். அடுத்த வாரம் படிக்கும் பர்மிஷனையும் எடுத்தேன். நம் சர்வரில் ஒரு வசதி உண்டு: பர்மிஷன் இல்லாதவர் கண்ணுக்கு அந்த ஃபோல்டரே தெரியாது.

"மாப்ளே, ஆஸ்பத்திரியைக் காணோமே?"

"இருக்கே மச்சான்," என்று என் திரையில் காட்டினேன். பக்கத்து மேசைப் பெண்ணும் தன் திரையில் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனார். சாயங்காலம் பர்மிஷனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இப்ப இருக்கு!"

"எப்பவும் இருந்ததுதானே, மச்சான்."

பிறகு வாரத்துக்கு ஒரு ஃபோல்டர். பள்ளிக்கூடம் போனது, வந்தது, மறுபடி போனது. பாலம் போனது, வரவேயில்லை. கண் டாக்டர் கண்ணில் கோளாறு இல்லை என்றதும் நரம்பு டாக்டரிடம் போனார். என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். உள்ளே கைத்தாங்கலாக அழைத்துச் சென்றதும் நான்தான். ஃபோல்டர் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவைத்து, தினமும் வந்ததும் ஒவ்வொன்றாக டிக் போட ஆரம்பித்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. அதனால் அந்த வாரம் சின்ன ஃபோல்டராகப் பார்த்து மறைத்தேன்.

"அண்ணனுக்கு என்னமோ ஆகுதுங்க," என்று என் மனைவி அழுதாள். அவளுக்குத் தைரியம் சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன்.

நேற்று மச்சான் ராஜினாமாக் கடிதம் அடிக்க உட்கார்ந்தார். அடிப்பதும் அழிப்பதுமாக இருந்ததைப் பார்த்த பக்கத்து மேசைப் பெண், தான் அடித்துத் தருகிறேன் என்று, தன்னிடமிருந்த மாதிரிக் கடிதத்தை எடுக்க அவர் கம்ப்யூட்டரில் தன் பெயரில் நுழைந்தாள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பாலம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மச்சான் கத்தவில்லை.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையாம்மா?" என்று அவளைக் கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஆமாம் சார், செய்தது நான்தான். நான்கு மாதம், பதினான்கு ஃபோல்டர். மறைக்க ஒன்றுமில்லை. நீங்கள் உத்தரவு போட்டபடி இன்று காலை பதினான்கையும் அவருக்குத் திறந்துவிட்டேன். படிப்பதற்கு மட்டும். எழுதுகிற அளவுக்கு அவர் உடம்பு இன்னும் தேறவில்லை.