வாய்க்காலுக்கு அந்தாண்ட

மரக்காணம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில், உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்களின் பேச்சு எழுப்பிவிட்டது.

“காய்ச்சல்னு படுத்தாக்கூட என் தம்பிக்குச் சம்பளம் வருதாம்க்கா.”

“யாரு, பாண்டிச்சேரி மாமனார் தயவுல பிரான்சுக்குப் போனானே, அவனா?”

“ஆமா. இப்ப ஜெர்மனிக்கு மாறிட்டான். பிரான்சுல ஒழைச்ச வருஷத்தையும் அங்க சர்வீசுல சேத்துக்கிட்டாங்களாம்.”

“அடேங்கப்பா! நான் வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கிற அளத்துக்குத்தான் மாறினேன். வயசுக்கு வந்த நாள்லேருந்து உப்பு வார்றவளைப் புது ஆளுன்னு சொல்லி அரைக்கூலி போட்டாரு மேஸ்திரி.”

“ஒடம்புக்கு முடியலன்னா?”

“அதுல ஒரு கொறையும் இல்லடி. கால் வெடிச்சு ரத்தம் வந்தா, உப்புத்தண்ணிதான் மருந்துன்னு சொல்லி, பொழுது சாயற வரைக்கும் மருந்துலயே நிக்க வெக்கிறாரு.”