பங்குனியில் காயாத பாசி

பாசிக்கு வேர் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. காட்டு மரத்தடியில் மெத்தைபோல் படர்ந்து கிடக்கும். பூக்காது, காய்க்காது. கோடையில் செத்ததுபோல் சுருண்டுவிடும். ஒரு மழை பெய்தால் விரிந்துகொள்ளும். ஓரத்தில் விரல் கொடுத்துத் தூக்கினால் போர்வைபோல் உரிந்து வரும். வேறு இடத்தில் விரித்து அழுத்திவிட்டால், அங்கேயே பிறந்ததுபோல் இருக்கும். தேவாரத்துக்கு மேலே எங்கள் மலைத்தோட்டத்தில் எலுமிச்சைக் கிளை வேர்விடப் பதியம் கட்ட, என் தாத்தா காலத்திலிருந்து அதைத்தான் எடுக்கிறோம்.

என் மகள் நாகஜோதியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

லோயர் கேம்ப்பில் வேலை பார்க்கும் ஜெபராஜைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பையன் நல்லவன் என்றார்கள், இருக்கலாம். எங்களவன் இல்லை.

கம்பத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் என் மச்சான் ஈஸ்வரபாண்டி எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: “என்ன மச்சான், லோயர் கேம்ப்ல சம்பந்தம் பேசியாச்சாமே? எங்களுக்கும் ஒரு எல போடுவீகளா, இல்ல வாசலோட சரியா?”

பந்தியே சிரித்தது. நான் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் எழுவது எங்கள் வழக்கமில்லை.

மறுநாள் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். “ஓடிப் போறவளா இருந்தா ஒங்ககிட்டச் சொல்லியிருப்பேனாப்பா? நீங்க வந்து நின்னாத்தான் தாலி. அவுக வீட்லயும் சொல்லிட்டேன்.”

கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நல்ல வளர்ப்பு.

ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தாள். பின்கழுத்தில் கை வைத்தேன். முதலில் விளையாட்டென்று நினைத்திருப்பாள். அடங்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.

தோட்டத்துக்கு மேலே, காட்டோரத்தில், ஆழமாகவே குழி எடுத்தேன். மேலே பாசியை விரித்தேன். மிச்சத்தை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. கேட்டவர்களிடம் வெளியூரில் வேலை என்றேன். எங்கள் வீட்டில் நான் சொன்னால் மறுகேள்வி கிடையாது.

பங்குனியில் காட்டுப்பாசியெல்லாம் பழுப்பாகிவிடும். தீ பரவாமல் இருக்கக் காட்டோரம் செதுக்க வந்தவர்களில் ஒருவர் அங்கே நின்றுவிட்டாராம். “ஏலே, இங்கன பாரு. காடே கருகிக் கெடக்கு. இந்த ஒரு பாய் அளவு மட்டும் எப்பிடிப் பச்சையா இருக்கு?” அப்படித்தான் நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், ஓடையில் மொண்டு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். மறைப்பு கலைந்துவிடக் கூடாது என்பதற்காக, வேறொன்றும் இல்லை. அதை வருத்தம் என்று எழுதிவிடாதீர்கள். குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

“காஞ்ச பாசி சாகாதுன்னு நீங்கதானே சொன்னீக. பெறகு எதுக்கு நாள் தவறாமத் தண்ணி?” என்கிறீர்கள்.

பங்குனியில் அங்கே இலையெல்லாம் உதிர்ந்து நிழலே இருக்காது, ஐயா. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வெயில் ஆகாது.